உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோற்றைத் தொட மாட்டேன் என்கிறது. என்ன கொடுக்கலாம்?

அரசலாறு | கும்பகோணம் பக்கம்

வணக்கம். எங்கள் வீட்டு நாட்டு நாய் மணிக்கு எட்டு வயது, எடை 16 கிலோ. போன வாரம் சோர்ந்துபோய் கொல்லைப்பக்கத்திலேயே கிடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். பிளேட்லெட் 48 ஆயிரம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.3. டிரிப் போட்டு, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் வாந்திக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள்.

காய்ச்சல் விட்டிருக்கிறது. ஆனால் முந்தாநாளிலிருந்து சோறு இறங்கவில்லை. தட்டைக் கொண்டுபோய் வைத்தால் மோந்து பார்க்கிறது, உதட்டை நக்கிக்கொள்கிறது, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடிக்கிறது. ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடு என்கிறார் மாமியார். பாலில் பொறை ஊறவைத்து ஊட்டு என்கிறான் தம்பி. பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் பிளேட்லெட் ஏறிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எதைக் கேட்பது? வாயைத் திறந்து ஊட்டலாமா? மாத்திரையை எதில் வைத்துக் கொடுப்பது?


குடமுருட்டி | பாபநாசம்

அக்கா, பால் பொறை வேண்டாம். வளர்ந்த நாய்க்குப் பால் செரிப்பது கஷ்டம், வயிற்றால் போக ஆரம்பித்தால் உடம்பில் இருக்கிற நீரும் போய்விடும். பொறையில் மைதாவும் சர்க்கரையும் தவிர ஒன்றும் இல்லை.

எங்கள் தெரு நாய்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் செய்வது நொய்க் கஞ்சிதான். பச்சரிசி நொய் ஒரு கைப்பிடி, எட்டு மடங்கு தண்ணீர், அடி பிடிக்காமல் கிண்டிக் கிண்டி, பருக்கை தெரியாமல் கரையும் வரை. உப்பு கிடையாது. கோழி நெஞ்சுக்கறியைத் தோல், எலும்பு இல்லாமல் தனியாக வேகவைத்து, நூல் நூலாகப் பிய்த்து அம்மியில் ஒரு இழுப்பு இழுத்து அதில் கலந்துவிடுவேன். கறி வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதில்தான் வாசனை இருக்கிறது. இளஞ்சூடாக இருக்கும்போதே வையுங்கள். ஆறிப்போன கஞ்சியை ஆரோக்கியமான நாயே யோசித்துத்தான் தொடும்.

ஆழமான குண்டானில் வைக்காமல் தட்டையான தட்டில் இரண்டு கரண்டி மட்டும் பரப்பி வையுங்கள். கால் மணி நேரம் பாருங்கள். தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க மூக்குக்கு முன்னால் சோறு இருந்தால் அந்த வாசனையே அதற்குப் பிடிக்காமல் போய்விடும்.


வெண்ணாறு | நீடாமங்கலம்

நான் கால்நடை மருத்துவர். மணியை நேரில் பார்த்தவர் சொல்வதுதான் முதலில், அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அம்மா, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த உதட்டை நக்குவதும் முகத்தைத் திருப்புவதும். பசியே இல்லாத நாய் தட்டின் பக்கம் மூக்கையே நீட்டாது. மணி மோந்து பார்க்கிறது, எச்சில் ஊறுகிறது, விழுங்குகிறது, விலகுகிறது. அதாவது குமட்டுகிறது. குமட்டலை அடக்காமல் ஆட்டுக்கால் சூப் வைத்தாலும் ஒன்றுதான், பிரியாணி வைத்தாலும் ஒன்றுதான். வாந்தி மாத்திரை வயிற்றில் தங்குகிறதா என்று பாருங்கள். போட்ட கையோடு கக்கிவிட்டால் ஊசியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மரோபிடன்ட் ஊசி போட்டால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். ஒண்டான்செட்ரானும் பல இடங்களில் கொடுக்கிறார்கள். மருந்து வேலை செய்ய ஒரு மணி நேரம் விட்டு, அதற்கப்புறம் தட்டை வையுங்கள்.

வாயைத் திறந்து ஊட்டாதீர்கள். குமட்டுகிற நேரத்தில் திணித்த உணவின் மேல் நாய்க்கு ஒரு வெறுப்பு விழுந்துவிடும். நோய் தீர்ந்த பிறகும் அந்தச் சாப்பாட்டை ஒதுக்குகிற நாய்களை நிறையப் பார்க்கிறேன். அதைவிட ஆபத்து, சிரிஞ்சில் தள்ளும் கஞ்சி மூச்சுக்குழாயில் போய் நிமோனியாவில் முடிவது. கொஞ்சம் கஞ்சித் தெளிவு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தலையை அண்ணாந்து பிடிக்காமல், கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு வாய் விழுங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்ததை விடுங்கள். எழுந்திருக்க முடியாமல் மயங்கிக் கிடக்கும் நாய்க்கு இதுவும் கூடாது.

டாக்சிசைக்ளின் வெறும் வயிற்றில் போனால் குமட்டலைக் கூட்டும். பால், தயிர், கால்சியம் டானிக், இரும்புச்சத்து டானிக் எதோடும் சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது, நடுவில் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண் ஆகும். அதனால் கறி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரோ கறித்தண்ணீரோ குடிக்க வையுங்கள். பொடித்து மொத்தச் சோற்றிலும் கலப்பது வேண்டாம், கசப்பு தட்டியதும் தட்டையே வெறுத்துவிடும். முதலில் மாத்திரை இல்லாத உருண்டை ஒன்று, அடுத்தது மாத்திரை வைத்தது, உடனே மூன்றாவது. இரண்டாவதை மெல்லாமல் முழுங்கிவிடும்.

அளவு பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வில் இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரியைத் தோராயமாகக் கணக்கிட எடையை 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்டுவோம். 16 கிலோவுக்கு 550. வெந்த சோறு 200 கிராம், வெந்த நெஞ்சுக்கறி 150 கிராம், ஒரு டீஸ்பூன் எண்ணெய், இதற்குள் அது வந்துவிடும். ஆனால் முதல் நாளே இவ்வளவையும் கொடுக்கக் கூடாது. இதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வாந்தி இல்லை என்றால் மூன்று நான்கு நாளில் முழு அளவுக்குக் கொண்டு வரலாம். தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி., அதாவது கஞ்சியில் இருப்பதையும் சேர்த்து உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு 800 மி.லி.யிலிருந்து ஒரு லிட்டர் வரை.

கிரியாட்டினின் 2.3 என்றதும் பயந்து இப்போதே சிறுநீரக நோய்க்கான பத்தியச் சாப்பாட்டை ஆரம்பிக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றினாலும் அது ஏறும். டிரிப் முடிந்து நாய் தெளிந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் இறங்கவில்லை என்றால் பத்தியம் பேசலாம். பட்டினி கிடக்கிற நாய் முதலில் எதையாவது சாப்பிட வேண்டும்.

ஈறு வெளுத்தல், மூக்கில் ரத்தம், அடிவயிற்றில் சிவப்புப் புள்ளி, மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, சிறுநீர் காபி நிறத்தில் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் இரவானாலும் கிளம்புங்கள். உண்ணியால் வருவது ஒரே கிருமி இல்லை. எர்லிக்கியா டாக்சிசைக்ளினுக்குக் கேட்கும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெளிவு தெரியும். பபேசியா ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதற்கு மருந்து வேறு. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.


அரசலாறு

டாக்டர் ஐயா, ரொம்ப நன்றி. வாந்தி மாத்திரையை நேற்று கக்கிவிட்டது, எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. காலையில் முதல் வேலையாக ஊசிக்குக் கூட்டிப் போகிறேன். ஆட்டுக்கால் சூப்பும் பப்பாளி இலையும் என்ன ஆயிற்று? வீட்டில் இரண்டும் தயாராக இருக்கிறது!


வெண்ணாறு

சூப்பில் வெங்காயம், பூண்டு போட்டிருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம். இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உண்ணிக் காய்ச்சலில் ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் நாய்க்கு அது இரட்டை அடி. சாம்பார் சாதம், குழம்புச் சோறு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், வெங்காயத்தை எடுத்துப் போட்டுவிட்டேன் என்றாலும் சாறு உள்ளேதான் இருக்கிறது. ஒன்றுமே போடாமல் வெறும் தண்ணீரில் வெந்த கால் என்றால், ஆறவைத்து மேலே படியும் கொழுப்பை வழித்துவிட்டு, வாசனைக்கு இரண்டு ஸ்பூன் கஞ்சியில் ஊற்றலாம். கொழுப்போடு கொடுத்தால் கணையம் வீங்குகிற அபாயம் இருக்கிறது. தீபாவளி முடிந்த மறுநாள் எங்களிடம் வரும் நாய்களில் பாதிக்கு இந்தக் கதைதான்.

பப்பாளி இலைச் சாறு கடும் கசப்பு. குமட்டுகிற நாயின் வாயில் அதை விட்டால் வாந்தி நிச்சயம், அதோடு மாத்திரையும் வெளியே வரும். கிருமி அடங்கினால் பிளேட்லெட் தானாக ஏறும். மாத்திரை உள்ளே தங்குவதுதான் இப்போது மணிக்கு வேண்டியது. பிளேட்லெட் ஏறும் வரை எலும்பு கடிக்கக் கொடுக்காதீர்கள், ஈறு கிழிந்தால் ரத்தம் நிற்காது.


மகாமகக்குளம் | கும்பகோணம்

எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. எங்கள் நாய் தயிர் சாதத்திலேயே வளர்ந்தது. இந்த மாதிரி நேரத்தில் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? கோழி வேகவைக்க முடியாது.


வெண்ணாறு

தாராளமாகச் சமாளிக்கலாம். பாசிப்பருப்பைத் தோல் நீக்கியதாக வாங்கி, ஊறவைத்து, குழைய வேகவைத்து நொய்யோடு சேர்த்துக் கடையுங்கள். உப்பில்லாத பனீரை உதிர்த்துப் போடலாம். பனீரும் தயிரும் டாக்சிசைக்ளினுக்கு 2 மணி நேரம் தள்ளித்தான். வயிற்றால் போனால் பரங்கிக்காயை ஆவியில் வேகவைத்து இரண்டு ஸ்பூன் மசித்துச் சேருங்கள். எந்த வீட்டுக் கஞ்சியும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தனியாக ஓடக் கூடாது, கால்சியம் முதலிய பல சத்துகள் அதில் இல்லை.

கோயில் ஊர் என்பதால் இதையும் சொல்கிறேன். சர்க்கரைப் பொங்கல், பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். பிரசாதம் என்று ஆசையாகக் கொடுக்காதீர்கள்.


வெட்டாறு | நாகூர்

எங்கள் பக்கம் நாய் சாப்பிடவில்லை என்றால் மத்தி மீனைத்தான் வேகவைப்போம். உப்பு, புளி, மிளகாய் எதுவும் இல்லாமல், வெறும் தண்ணீரில். நடு முள்ளை உருவி, பக்க முள்ளையும் விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, ஒரு ஸ்பூன் சதையைக் கஞ்சிமேல் வைத்தால் வாசனைக்கே எழுந்து வரும். தூரத்திலிருந்தே மூக்கு ஆடுவதைப் பார்க்கலாம். கருவாட்டுத் தண்ணீர் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அது முழுக்க உப்பு, வேண்டாம்.


குடமுருட்டி

அண்ணே, சரியாகச் சொன்னீர்கள். எனக்கும் ஒரு சந்தேகம் டாக்டர். இளநீர் கொடுக்கலாமா? தோப்பு வைத்திருக்கிற எல்லாரும் முதலில் இளநீரைத்தான் சீவுகிறோம்.


வெண்ணாறு

சாதாரண வயிற்றுப்போக்குக்கு இரண்டு ஸ்பூன், நான்கு ஸ்பூன் என்று கொடுத்தால் தவறில்லை. மணிக்கு வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாத நாய்க்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும். கிரியாட்டினின் இறங்கியது தெரியும் வரை வெறும் தண்ணீரும் கஞ்சித் தெளிவும் போதும்.


கோரையாறு | திருத்துறைப்பூண்டி

தலைப்பிலிருந்து விலகுகிறேன், மன்னிக்கவும். குறுவை கதிர் வாங்கும் நேரம், எங்கள் பக்கம் வயலில் எலி மருந்து வைக்கிறார்கள். செத்த எலியை நாய் தின்றுவிட்டால் பாலும் பச்சை முட்டையும் ஊற்றினால் விஷம் முறியும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரியா?


வெண்ணாறு

தம்பி, நல்ல கேள்வி, விலகலே இல்லை. நோயுற்ற நாய்க்குச் சாப்பாடு கொடுக்கவே கூடாத இடம் இதுதான்.

நம் வயல்களில் பெரும்பாலும் இரண்டு வகை வைக்கிறார்கள். ஒன்று கறுப்புப் பொடி, ஜிங்க் பாஸ்பைடு. அது வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறும். வயிற்றில் உணவு விழுந்தால் அமிலம் சுரக்கும், வாயு இன்னும் கூடும். பால், முட்டை, சோறு எதுவும் ஊற்றாமல் அப்படியே ஓடி வாருங்கள். நாய் வாந்தி எடுத்தால் குனிந்து மோந்து பார்க்காதீர்கள், அந்தக் காற்று உங்களுக்கும் விஷம். வண்டியில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இன்னொன்று கட்டியாகவோ தானியமாகவோ வரும் புரோமாடியோலோன். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற அன்று நாய் நன்றாகத்தான் இருக்கும், மூன்று முதல் ஐந்து நாள் கழித்துச் சோர்வு, இருமல், மூக்கில் ரத்தம் என்று ஆரம்பிக்கும். இதற்கு வைட்டமின் கே1 இருக்கிறது, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். சீக்கிரம் வந்தால் பிழைத்துவிடும். எந்த மருந்து என்று தெரிய உறையை எடுத்து வாருங்கள். உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது தனி ஆபத்து, அதைச் செய்யாதீர்கள்.

தஞ்சாவூர்க் கிட்டி என்று மூங்கிலில் ஒரு எலிப் பொறி இருக்கிறதே, நாய் உள்ள வீடுகளைச் சுற்றியிருக்கும் வயல்களிலாவது அதை வைக்கலாம். நாய்க்கு விஷம் போகாது.

எலியால் வருவது விஷம் மட்டும் இல்லை. எலியின் சிறுநீர் கலந்த வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் இது அதிகம். கண் மஞ்சளாகும், சிறுநீரகமும் கல்லீரலும் அடி வாங்கும், சாப்பாடு நின்றுபோகும். மனிதருக்கும் தொற்றும். அப்படிப்பட்ட நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் கழுவாதீர்கள்.


புது உறுப்பினர் | பட்டுக்கோட்டை

இரண்டு மாதக் குட்டி. காலையிலிருந்து வாந்தி, இப்போது ரத்தமாக வயிற்றால் போகிறது. தடுப்பூசி போடவில்லை. என்ன கஞ்சி கொடுக்கலாம்?


வெண்ணாறு

கஞ்சி இப்போது வேண்டாம், குட்டியை ஒரு துண்டில் சுற்றி உடனே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். குட்டிகளுக்குச் சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், நீர் வற்றுவது அதைவிட வேகம். உங்களுக்கு ஒரத்தநாடு பக்கம்தான். 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. அருகில் மருத்துவமனை திறந்திருந்தால் முதலில் அங்கே டிரிப் போட்டுவிட்டுப் போங்கள். வாந்தி அடங்கியதும் சிறிது சிறிதாக உணவை ஆரம்பிப்பதைப் பற்றி அவர்களே சொல்வார்கள். வேறு குட்டிகள் இருந்தால் தட்டைத் தனியாக வையுங்கள். குட்டி கிடந்த தரையை முதலில் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள்.


குடமுருட்டி

தெரு நாய்க்குச் சோறு வைக்கிற எல்லாரும் இதையும் படித்துவிடுங்கள். எச்சில் ஒழுக, வாய் மூட முடியாமல், குரல் மாறி, தண்ணீர் விழுங்கத் தவிக்கிற நாயைப் பார்த்தால் "எலும்பு சிக்கிவிட்டது போல" என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கை விடுவோம். டாக்டர், இதைப் பற்றிச் சொல்லுங்கள்.


வெண்ணாறு

விடவே விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். சாப்பாடு வைப்பதையும் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டாலும், காயத்தில் எச்சில் பட்டாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போடுங்கள். அறிகுறி வந்த பிறகு இதற்குச் சிகிச்சை கிடையாது. தினமும் தெரு நாய்களைத் தொடுகிற உங்களைப் போன்றவர்கள் கடி படுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டு வைத்துக்கொள்ளலாம்.


அரசலாறு

மணி சாப்பிட்டது! ஊசி போட்டு வந்து ஒரு மணி நேரம் கழித்து நொய்க் கஞ்சியில் கோழியைக் கலந்து, நாகூர் அண்ணன் சொன்னபடி ஒரு ஸ்பூன் மத்திச் சதையையும் மேலே வைத்தேன். முதலில் மீனை மட்டும் நாக்கால் துழாவி எடுத்தது. அப்புறம் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தட்டின் ஓரத்திலிருந்து நக்க ஆரம்பித்தது. அரைக் கரண்டி மிச்சம். வாந்தி இல்லை. மாமியார்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

இரண்டு கேள்வி. எப்போது பழைய சாப்பாட்டுக்குத் திரும்பலாம்? மாட்டுக் கொட்டகையில் உண்ணி இருக்கிறது, மாட்டுக்கு அடிக்கிற மருந்தையே மணிக்கும் போடலாமா?


வெண்ணாறு

சந்தோஷம் அம்மா. மிச்சம் வைத்ததை மறுபடி சூடாக்கி வைக்காமல் அடுத்த வேளைக்குப் புதிதாகக் கொடுங்கள்.

மலம் கட்டியாகி, முழு அளவு கஞ்சியும் இரண்டு நாள் தொடர்ந்து தங்கினால் பழைய சாப்பாட்டில் கால் பங்கைக் கலக்க ஆரம்பியுங்கள். ஒரு வாரத்தில் முழுதாக மாற்றலாம். சாப்பிட ஆரம்பித்துவிட்டதே என்று மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதீர்கள். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். நிறையப் பேர் ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டு, நோய் திரும்பிய பிறகு இன்னும் மோசமான நிலையில் கொண்டு வருகிறார்கள்.

மாட்டு மருந்தை நீங்களாகக் கலந்து மணிமேல் ஊற்றாதீர்கள். நக்கி உள்ளே போனால் இப்போதுள்ள பலவீனத்தில் தாங்காது. நாய்க்கென்று மாத்திரையாகவும் கழுத்தில் விடும் சொட்டு மருந்தாகவும் இருக்கிறது, அடுத்த தடவை போகும்போது எடை பார்த்துக் கேளுங்கள். நாய் உண்ணி உடம்பில் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பிலும் ஓட்டுச் சந்திலும்தான் அதிகம் இருக்கும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். மணி படுக்கும் மூலையில் வெடிப்புகளைப் பூசிவிட்டு, கோணிச் சாக்கை எரித்துவிட்டு, துவைக்கக் கூடிய துணியாகப் போடுங்கள். கிரியாட்டினினையும் பிளேட்லெட்டையும் ஒரு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வந்ததும் இங்கே போடுங்கள், பத்தியம் தேவையா என்று பார்ப்போம்.


அரசலாறு

சரிங்க ஐயா. ரிசல்ட் வந்ததும் போடுகிறேன். குடமுருட்டி தம்பி, நொய் எங்கே வாங்குகிறீர்கள்? எங்கள் கடையில் புழுங்கல் நொய்தான் இருக்கிறது.


குடமுருட்டி

புழுங்கல் நொய்யும் ஆகும் அக்கா. தண்ணீரை இன்னும் இரண்டு மடங்கு கூட்டி, முன்னாலேயே ஒரு மணி நேரம் ஊறவைத்துவிடுங்கள்.